இரத்தத்தில் ஒரே குடும்பத்துப் பாக்டீரியா, வீரியம் மட்டும் ஏன் வேறு வேறு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளட் கல்ச்சர் (இரத்தத்தைப் பாட்டிலில் வைத்துப் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) முடிவை ஃபோனில் சொல்லும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்விகள் எல்லாம் பழகிப்போனவை. இளம் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளியின் வீட்டார், நுண்ணுயிரியல் படிக்கும் பிள்ளைகள் என்று கேட்பவர் மாறுகிறாரே தவிர கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வாக்கிலேயே தொகுத்துப் போட்டிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம், அது நோயாளியை நேரில் பார்க்கிற மருத்துவரின் வேலை.

பிளட் கல்ச்சர்ல பாக்டீரியா வளர்ந்திருக்குன்னா உடம்பு முழுக்க தொற்று பரவிடுச்சுன்னு அர்த்தமா?

அவசியம் இல்லை. பல் துலக்கும்போதுகூட ஈறு வழியாகக் கொஞ்சம் பாக்டீரியா இரத்தத்துக்குள் போகிறது, ஆரோக்கியமான உடம்பில் கல்லீரலும் மண்ணீரலும் அதைச் சீக்கிரமே வடிகட்டிவிடுகின்றன. இரத்தத்தில் பாக்டீரியா இருப்பது ஒரு விஷயம், அதனால் உடம்பு நிலைகுலைந்து உறுப்புகள் தடுமாறுகிற செப்சிஸ் வேறு விஷயம். செப்சிஸ் வந்த பலருக்குக் கல்ச்சரில் ஒன்றுமே வளராததும் உண்டு.

மூன்றாவதாக ஒரு சாத்தியம்: அந்தப் பாக்டீரியா இரத்தத்திலேயே இருந்திருக்காது, ஊசி குத்தும்போது தோலிலிருந்து பாட்டிலுக்குள் போயிருக்கும். இதைத்தான் கலப்படம் என்கிறோம். வளர்ந்தது எந்த இனம் என்பதை வைத்தே இந்த மூன்றில் எது என்று பாதி ஊகித்துவிடலாம். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதைப் பற்றியவைதான்.

வீரியமான பாக்டீரியான்னா மருந்துக்குக் கட்டுப்படாததுதானே?

இல்லை. இந்த ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. வீரியம் என்பது அந்தப் பாக்டீரியா உடம்புக்கு எவ்வளவு சேதம் செய்கிறது என்பது. மருந்தெதிர்ப்பு என்பது நாம் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கை அது எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பது. இரண்டுக்கும் வேறு வேறு மரபணுக்கள், வேறு வேறு வரலாறு.

சாதாரண பெனிசிலினுக்கே சாகிற ஏ வகுப்பு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஓர் ஆரோக்கியமான ஆளை இரண்டு நாளில் கொன்றுவிடலாம். எந்த மருந்துக்கும் மசியாத சில பாக்டீரியாக்கள் நல்ல உடம்புள்ளவர் தோலில் வருடக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும். செய்தியில் வரும் 'சூப்பர்பக்' என்ற சொல் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டது என்பது என் வருத்தம்.

ரெண்டு பேருக்கும் 'ஸ்டெஃபைலோகாக்கஸ்'னுதான் ரிப்போர்ட் வந்தது. ஒருத்தரை ஐசியூல வச்சிருக்காங்க, இன்னொருத்தரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எப்படி?

முதல் பெயர் மட்டும் சொன்னால் குடும்பப் பெயர் சொன்ன மாதிரிதான். முதலாமவருக்கு வந்தது அநேகமாக ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், இரண்டாமவருக்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டுமே ஊதா நிறக் கொத்துகள், வித்தியாசம் சொல்லவே முடியாது. உடம்புக்குள் போனால்தான் தெரியும்.

ஆரியஸிடம் இருக்கும் ஆயுதங்கள் கொஞ்சநஞ்சம் அல்ல. அதன் கோயாகுலேஸ் என்ற புரதம், இரத்தம் உறைய உதவும் நம் புரோத்ராம்பினைப் பிடித்துக்கொண்டு ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் வலையாக மாற்றிவிடும், அந்த வலைக்குள் பாக்டீரியா ஒளிந்துகொள்ளும். புரோட்டீன் ஏ என்ற மேற்பரப்புப் புரதம் நம் எதிர்ப்பொருள்களின் வால் பக்கத்தைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதால் வெள்ளையணுக்களுக்கு அடையாளம் தெரியாமல் போகிறது. ஆல்ஃபா நச்சு செல் சவ்வில் ஓட்டை போடும், லியூகோசிடின்கள் வெள்ளையணுக்களையே உடைக்கும். இதுபோக அதன் பொன்னிற நிறமி, நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் வீசும் ஆக்ஸிஜன் வகை வேதிப்பொருள்களிலிருந்து அதைக் காக்கிறது. காயம்பட்ட திசுவிலும் இதய வால்விலும் ஒட்டிக்கொள்ளத் தனியாக ஒரு கூட்டம் புரதங்கள் வேறு.

எபிடெர்மிடிஸிடம் இவற்றில் பெரும்பாலானவை கிடையாது. அது நம் தோலில் குடியிருக்கும் பாக்டீரியா, நம்மோடு சண்டை போடுவதால் அதற்கு லாபம் ஒன்றும் இல்லை. அதன் பலம் ஒட்டிக்கொள்வதிலும் தாக்குப்பிடிப்பதிலும் இருக்கிறது, அதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

ஆரியஸ் அவ்வளவு மோசம்னு எல்லாரும் சொல்றாங்க, உண்மையிலேயே எவ்வளவு மோசம்?

ஆன்டிபயாடிக்குகள் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய நிலையைப் பார்த்தால் தெரியும். பாஸ்டன் நகர மருத்துவமனையில் இரத்தத்தில் ஆரியஸ் இருந்த 122 நோயாளிகளைப் பற்றி 1941-இல் ஓர் அறிக்கை வெளியானது, அதில் இறந்தவர்கள் 82 சதவீதம். இன்றைக்கு நல்ல மருந்து, ஸ்கேன், தீவிர சிகிச்சை எல்லாம் இருந்தும் ஒரு மாதத்துக்குள் இறப்பவர்கள் பல நாடுகளிலும் சுமார் 20 முதல் 30 சதவீதம்.

காய்ச்சல் தணிந்த பிறகும் மருத்துவர்கள் பதற்றமாகவே இருப்பதற்குக் காரணம், இது இரத்தத்தோடு நிற்பதில்லை. முதுகெலும்பு, மூட்டு, இதய வால்வு, இடுப்புத் தசை என்று போகிற இடத்தில் எல்லாம் கூடு கட்டும், அது வாரக்கணக்கு கழித்து முதுகு வலியாக வெளியே தெரியும். அதனால்தான் கல்ச்சர் நெகட்டிவ் ஆகும்வரை திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கிறார்கள், எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) பார்க்கிறார்கள், சிக்கல் எதுவும் இல்லாதவருக்கே குறைந்தது 14 நாள் மருந்து என்றும் மற்றவர்களுக்கு 4 முதல் 6 வாரம் என்றும் போகிறார்கள். "காய்ச்சல்தான் விட்டுடுச்சே, இன்னும் எதுக்கு ஊசி" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

கோயாகுலேஸ் நெகட்டிவ்னு போட்டிருக்காங்க. அப்போ பயப்பட வேண்டாம்தானே?

பெரும்பாலும் ஆமாம், ஆரியஸிடம் இருக்கும் கோயாகுலேஸ் இதில் இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் அந்தத் தலைப்புக்குக் கீழே பல இனங்கள் இருக்கின்றன, எல்லாம் சாது என்று நினைத்தால் தப்பு. முக்கியமான விதிவிலக்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் லுக்டுனென்சிஸ். 1988-இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது, இடுப்புக்குக் கீழே உள்ள தோலில் அதிகம் வாழும். நடத்தை எல்லாம் ஏறக்குறைய ஆரியஸ் மாதிரியே. செயற்கை எதுவும் வைக்காத இயல்பான இதய வால்வையே அரித்துவிடும், பல நேரம் அறுவை சிகிச்சைவரை கொண்டுபோகும்.

இதில் ஒரு வேடிக்கை: கண்ணாடித் தகட்டில் செய்யும் விரைவுக் கோயாகுலேஸ் சோதனையில் லுக்டுனென்சிஸ் சில நேரம் திரண்டு பாசிட்டிவ் காட்டும், அதைப் பார்த்து ஆரியஸ் என்று நினைப்பார்கள். குழாயில் செய்யும் சோதனையில் நெகட்டிவ் வரும், அதை வைத்து 'தோல் பாக்டீரியா' என்று ஒதுக்கிவிடுவார்கள். முதல் தவறால் நோயாளிக்கு நஷ்டம் அதிகம் இல்லை, இரண்டாவதுதான் ஆபத்து. ஆறுதலான விஷயம், பெரும்பாலான லுக்டுனென்சிஸ் சாதாரண பீட்டா லாக்டம் (பெனிசிலின் குடும்ப) மருந்துகளுக்கே அடங்கிவிடும். மருந்துக்கு அடங்குவதும் வீரியமும் வேறு என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அப்படின்னா எபிடெர்மிடிஸ் வந்தா அது எப்பவுமே கலப்படம்தானா?

உடம்பில் பிளாஸ்டிக்கோ உலோகமோ எதுவும் இல்லாத, நல்ல நிலையில் இருக்கும் ஒருவருக்கு ஒரே ஒரு பாட்டிலில் வளர்ந்திருந்தால் கலப்படம் என்று கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்லலாம். சென்ட்ரல் லைன் (பெரிய இரத்தக் குழாய்க்குள் போடும் குழாய்), செயற்கை வால்வு, பேஸ்மேக்கர், செயற்கை மூட்டு, டயாலிசிஸ் கதீட்டர் இதில் ஏதாவது இருந்தால் கதையே வேறு. அந்தப் பரப்பில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரைப் பொருளாலும் புரதங்களாலும் ஆன வழவழப்பான பயோஃபிலிம் ஒன்றை மேலே போர்த்திக்கொள்ளும். உள்ளே இருப்பவை மெதுவாகவே வளர்வதால் ஆன்டிபயாடிக் சரியாக வேலை செய்யாது, வெள்ளையணுவாலும் அவற்றை விழுங்க முடியாது. கதீட்டரைக் கழற்றாமல் மருந்து மட்டும் கொடுத்தால் சில நாள் காய்ச்சல் இறங்கி மறுபடி ஏறுவது இதனால்தான்.

குறைமாதக் குழந்தைகள் இன்னொரு விதிவிலக்கு. பிறந்து சில நாள் கழித்து வரும் செப்சிஸுக்கு அவர்களிடம் மிக அடிக்கடி காரணமாவது இந்தக் கோயாகுலேஸ் நெகட்டிவ் கூட்டம்தான். ஸ்டெஃபைலோகாக்கஸ் கேபிடிஸ் என்ற இனத்தின் என்ஆர்சிஎஸ்-ஏ என்னும் ஒரு குறிப்பிட்ட கிளை பல நாடுகளின் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பரவியிருக்கிறது. பெரியவர் ஒருவரின் இரத்தத்தில் கேபிடிஸ் வந்தால் தோளைக் குலுக்குகிறவர்கள் குழந்தை வார்டில் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

ஒரே ரத்தம்தானே, எதுக்கு ரெண்டு கையிலயும் குத்தறாங்க?

கலப்படமா நிஜமா என்று சொல்வதற்குத்தான். ஒரு குத்தலில் தோல் பாக்டீரியா உள்ளே போகலாம், வேறு இடத்தில் தனியாகக் குத்தியும் அதே இனம் வந்தால் தற்செயல் என்று சொல்வது கஷ்டம். எவ்வளவு நேரத்தில் வளர்ந்தது என்பதும் உதவும்: ஆரியஸ் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வளர்ந்து காட்டிவிடும், கலப்படமாக வந்த தோல் பாக்டீரியா எண்ணிக்கையில் குறைவு என்பதால் பெரும்பாலும் அதற்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஆனால் நேரத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

அப்புறம் இன்னொன்று, ஆரியஸ் ஒரே பாட்டிலில் வந்தால்கூடக் கலப்படம் என்று ஒதுக்க மாட்டார்கள். மேலே சொன்ன 20 முதல் 30 சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே குடும்பம்னா மரபணுவும் கிட்டத்தட்ட ஒண்ணாதானே இருக்கும்? அப்புறம் எப்படி இவ்வளவு வித்தியாசம்?

வீரியம் தரும் மரபணுக்கள் பல நேரம் பாக்டீரியாவின் அடிப்படை மரபணுத் தொகுதியில் இருப்பதில்லை. பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையம், பாக்டீரியாவைத் தொற்றும் ஃபேஜ் வைரஸ், இடம் மாறக்கூடிய மரபணுத் தீவுகள் இவற்றில் சவாரி செய்கின்றன. ஒரு கிளை ஏற்றிக்கொள்ளும், பக்கத்துக் கிளை ஏற்றிக்கொள்ளாது.

எனக்குப் பிடித்த உதாரணம் பேசில்லஸ். கெட்டுப்போன சோற்றால் வாந்தி வரவைக்கும் பேசில்லஸ் செரியஸும் ஆந்த்ராக்ஸ் உண்டாக்கும் பேசில்லஸ் ஆந்த்ராசிஸும் மரபணு அளவில் மிக நெருங்கிய சொந்தம், தனித்தனி இனமாக வைக்கலாமா என்றே வாதம் நடக்கிற அளவுக்கு. ஆந்த்ராசிஸின் பயங்கரம் முக்கியமாக இரண்டு பிளாஸ்மிட்களில் இருக்கிறது: ஒன்றில் நச்சு, இன்னொன்றில் பாக்டீரியாவைப் போர்த்தும் உறை. உறைக்கான பிளாஸ்மிட்டை இழந்த ஸ்டெர்ன் வகை அவ்வளவு சாதுவாகிவிட்டதால் கால்நடைத் தடுப்பூசியாகவே பயன்படுகிறது. தலைகீழாகவும் நடந்திருக்கிறது. ஆந்த்ராக்ஸ் நச்சுக்கான மரபணுக்களை ஏந்திய ஒரு செரியஸ், ஆந்த்ராக்ஸ் போன்ற கடும் நுரையீரல் நோயை உண்டாக்கியது 2004-இல் விவரிக்கப்பட்டது. பிளட் கல்ச்சரில் பேசில்லஸ் வந்தால் பத்துக்கு ஒன்பது தரம் கலப்படம் என்று விட்டுவிடுகிற நாங்களே இதனால்தான் ஒரு முறை கூடுதலாகப் பார்க்கிறோம்.

உறை ஒன்றே எவ்வளவு மாற்றும் என்பதற்கு நெய்சீரியா. மெனிஞ்சோகாக்கஸ், லாக்டாமிகா இரண்டுமே தொண்டையிலும் மூக்கின் பின்புறத்திலும் வாழ்பவை. உறை உள்ள மெனிஞ்சோகாக்கஸ் இரத்தத்துக்குள் போனால் இரத்தத்தில் கிருமியைத் தாக்கும் நிரப்புப் புரதங்களிடமிருந்து தப்பிச் சில மணி நேரத்தில் ஆளை வீழ்த்தும், உறையே இல்லாத லாக்டாமிகாவால் இரத்தத்தில் தங்கவே முடிவதில்லை.

அதிகமா நச்சு சுரக்கிற கிளைதான் ரத்தத்துல அதிகம் கிடைக்குமா?

அப்படித்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் ஆரியஸில் நேர்மாறாகப் பார்த்திருக்கிறார்கள். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், இரத்தத்திலிருந்து எடுத்த ஆரியஸ் மாதிரிகள், மூக்கில் சும்மா இருந்தவற்றையும் தோல் சீழிலிருந்து எடுத்தவற்றையும்விடக் குறைவாகவே நச்சுத்தன்மை காட்டின. நச்சு தயாரிப்பது செலவு பிடிக்கும் வேலை. இரத்தத்தில் வெள்ளையணுக்களையும் சீரப் புரதங்களையும் சமாளித்துப் பிழைத்திருப்பதே பெரும்பாடு, அங்கே நச்சுக்கு வேலை குறைவு.

நச்சு உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஏஜிஆர் என்ற அமைப்பு பழுதான ஆரியஸ், நாள்கணக்கில் நெகட்டிவ் ஆகாத இரத்தத் தொற்றுகளில் அடிக்கடி கிடைக்கிறது. மிக மெதுவாக வளரும் குட்டிக் காலனி வகைகளும் உண்டு, அவை நம் செல்லுக்குள்ளேயே பதுங்கிக்கொள்ளும். ஆக, 'வீரியம்' என்பது ஒரே அளவுகோல் கிடையாது. சீழ் கட்ட வைக்கும் திறமை ஒன்று, இரத்தத்தில் பிழைக்கும் திறமை இன்னொன்று, வால்வில் ஒட்டும் திறமை மூன்றாவது. ஒன்றில் தேர்ந்தது மற்றதில் சுமாராக இருக்கலாம்.

எம்ஆர்எஸ்ஏ தானே சாதாரண ஆரியஸைவிட வீரியமானது? செத்துப்போறவங்க அதுலதானே அதிகம்?

இரண்டாவது பாதி பொதுவாகச் சரி, முதல் பாதி அதிலிருந்து தானாக வந்துவிடாது. எம்ஆர்எஸ்ஏ என்பது மெத்திசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஆரியஸ், அவ்வளவுதான். அது வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், நெடுநாள் மருத்துவமனையில் கிடந்தவர்கள். சரியான மருந்து தொடங்கவே தாமதமாகும், தொடங்கினாலும் வான்கோமைசின் வேலை செய்யும் வேகம், சாதாரண ஆரியஸுக்குக் கொடுக்கும் செஃபாசோலினோ ஃப்ளூக்ளாக்சசிலினோ வேலை செய்யும் வேகத்துக்கு ஈடாகாது. இறப்பு கூடுவதில் இவற்றுக்கெல்லாம் பங்கு உண்டு.

ஆய்வகத்தில் பார்த்தால் மருத்துவமனை வகை எம்ஆர்எஸ்ஏ சிலவற்றில் எதிர்ப்பு மரபணுவைச் சுமப்பதால் நச்சுத்தன்மை குறைந்தே இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் 2000-ஐ ஒட்டிப் பரவிய யுஎஸ்ஏ300 என்ற கிளை, மருத்துவமனைப் பக்கமே போகாத இளைஞர்களையும் தாக்கியது. அது எம்ஆர்எஸ்ஏவும்தான், வீரியமானதும்தான். எனவே 'எம்ஆர்எஸ்ஏ' என்ற நான்கு எழுத்தை வைத்து வீரியத்தைச் சொல்ல முடியாது, எந்தக் கிளை என்று கேட்க வேண்டும்.

என்டரோகாக்கஸ்ல ஃபீகாலிஸ் ஆபத்தா, ஃபீசியம் ஆபத்தா?

முந்தைய பதிலின் தொடர்ச்சி இது. ஃபீகாலிஸிடம் செல்லை உடைக்கும் சைட்டோலைசின், திசுவைக் கரைக்கும் ஜெலட்டினேஸ், ஒன்றோடொன்று திரளவைக்கும் புரதம் என்று ஆயுதங்கள் கூடுதல். என்டரோகாக்கஸால் வரும் இதய வால்வுத் தொற்றில் பெரும்பகுதி இதனுடையது. ஃபீசியம் ஆயுதத்தில் ஏழை, ஆனால் ஆம்பிசிலினுக்கு அடங்குவதில்லை, வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ்களிலும் பெரும்பாலானவை இதுவே.

ஆய்வுகளில் ஃபீசியம் வந்தவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள். காரணம், கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள், பல சுற்று ஆன்டிபயாடிக் வாங்கியவர்கள் போன்றவர்களுக்கே அது பெரும்பாலும் வருகிறது. இறப்பு விகிதத்தை வைத்து வீரியத்தை அளக்கக் கூடாது என்று நான் அலுக்காமல் சொல்வது இதனால்தான்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்த ஒருத்தருக்கு உடனே எக்கோ எடுக்கணும்னாங்க, இன்னொருத்தருக்கு எடுக்கவே இல்ல. இது என்ன நியாயம்?

இனத்துக்கு இனம் இதயத்தைப் பிடிக்கும் வாய்ப்பு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டென்மார்க்கில் இரத்தத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருந்த 6,500 பேருக்கு மேல் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் இதய வால்வுத் தொற்று இருந்தது சுமார் 7 சதவீதம் பேருக்கு. நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸில் அது 1 சதவீதத்தை ஒட்டி, ஏ வகுப்பில் 2 சதவீதத்தை ஒட்டி. பல் சொத்தைக்குப் பேர்போன மியூட்டன்ஸில் கிட்டத்தட்ட 48 சதவீதம், கோர்டோனியில் 44, சாங்குவினிஸில் 35, கேலோலிட்டிகஸில் 30.

வாயில் வாழும் பரம சாதுவான பாக்டீரியாதான் வால்வில் பெரிய வில்லன், இரண்டு நாளில் ஆளைக் கொல்லும் ஏ வகுப்பு வால்வுப் பக்கம் அதிகம் போவதில்லை. 'ஒரே அளவுகோல் கிடையாது' என்று சொன்னேனே, அதற்கு எண்ணிக்கையில் சாட்சி இது. ஆஞ்சினோசஸ் கூட்டம் வந்தால் கல்லீரலிலோ மூளையிலோ சீழ் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்ப்பார்கள். கேலோலிட்டிகஸ் என்றால் எக்கோவோடு பெருங்குடலில் புற்றுநோய் ஏதும் இருக்கிறதா என்று கொலோனோஸ்கோபியும் செய்யச் சொல்வார்கள், அதுவும் அதன் கேலோலிட்டிகஸ் துணை இனத்துக்கு முக்கியமாக. அதே இனத்தின் பாஸ்டரியானஸ் துணை இனமோ பித்தப்பைப் பக்கம் சாய்ந்தது.

க்ளெப்சியெல்லா ஆஸ்பத்திரியில வர்ற கிருமின்னு சொன்னாங்க. வீட்டுல இருந்தவருக்கு எப்படி கல்லீரல்ல சீழ், கண்ணுல தொற்று எல்லாம் வந்தது?

அது அநேகமாக அதிவீரிய வகை. தைவானில் 1986-இல் ஏழு பேருக்குக் கல்லீரல் சீழோடு கண்ணுக்குள்ளும் தொற்று பரவியதை விவரித்தார்கள், அதிலிருந்துதான் இந்த வகை பேசப்படத் தொடங்கியது. சாதாரண க்ளெப்சியெல்லா நிமோனியே, படுத்த படுக்கையானவர்களையும் கதீட்டர் போட்டவர்களையும் தேடி வரும். அதிவீரிய வகை நன்றாக நடமாடுகிறவருக்கே வரும், சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் வசதி. இவற்றில் பெரும்பாலும் கே1 அல்லது கே2 வகை உறை இருக்கும். அந்த உறையை இன்னும் தடிமனாக்கும் ஆர்எம்பிஏ மரபணுவும், உடம்பின் இரும்பைப் பிடுங்கும் ஏரோபாக்டின் மரபணுக்களும் பெரிய பிளாஸ்மிட் ஒன்றில் இருக்கும்.

தட்டில் வளர்ந்த காலனியை வளையத்தால் தொட்டுத் தூக்கினால் 5 மில்லிமீட்டருக்கு மேல் நூல் மாதிரி இழுபடும், இதுதான் இழைச் சோதனை. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் முழுதாக நம்ப முடியாது. அதிவீரியம் இல்லாத சிலவும் இழுபடும், உள்ள சிலவும் இழுபடாது. ஏரோபாக்டின் மரபணு இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட நம்பகம்.

வீரியமும் மருந்தெதிர்ப்பும் ஒண்ணா சேராதுன்னு படிச்சேன். உண்மையா?

ரொம்ப நாள் அப்படித்தான் தோன்றியது. அதிவீரிய க்ளெப்சியெல்லா சாதாரண மருந்துக்கே அடங்கியது, மருந்துக்கு அடங்காதவை சோப்ளாங்கியாக இருந்தன. ஆனால் அது இயற்கை விதி கிடையாது. சீனாவின் ஹாங்ஜோவில் 2016-இல் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில், கார்பபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கே அடங்காத எஸ்டி11 என்ற க்ளெப்சியெல்லா கிளை ஒன்று வீரியப் பிளாஸ்மிட்டையும் ஏற்றிக்கொண்டு வந்தது, தொற்றிய ஐந்து பேரும் இறந்தார்கள். எதிர்த் திசையிலும் நடக்கிறது: அதிவீரிய எஸ்டி23 கிளை கார்பபெனெம் எதிர்ப்பு மரபணுக்களை வாங்கிக்கொண்டு பல நாடுகளில் தென்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2024-இல் எச்சரித்தது.

அசினெட்டோபாக்டர் 'பௌமானி காம்ப்ளெக்ஸ்'னு போடறீங்களே, பௌமானியா இல்லையான்னு நேரா சொல்ல முடியாதா?

சாதாரண உயிர்வேதிச் சோதனைகளில் இந்தக் கூட்டத்தில் உள்ள பௌமானி, நோசோகோமியாலிஸ், பிட்டி எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். பிட்டிக்கும் நோசோகோமியாலிஸுக்கும் பெயரே 2011-இல்தான் கிடைத்தது, அதுவரை எண் மட்டுமே. இப்போது புரதங்களை வைத்து இனத்தைக் கண்டுபிடிக்கும் மால்டி-டாஃப் கருவியில் தரவுத்தளம் புதிதாக இருந்தால் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

பிரிப்பதால் பயன் உண்டா என்றால், உண்டு. பௌமானி வந்தவர்கள் மற்ற இரண்டும் வந்தவர்களைவிட அதிகம் இறக்கிறார்கள். அதில் பெரும்பங்கு மருந்தெதிர்ப்பால் என்றாலும், அதையும் நோயாளியின் நிலையையும் கணக்கில் எடுத்த சில ஆய்வுகளிலும் வித்தியாசம் மிஞ்சுகிறது. காம்ப்ளெக்ஸ் என்று எழுதி நிறுத்துவது நேர்மையான பதில்தான், முழுமையான பதில் இல்லை.

எலியில ஊசி போட்டுப் பார்த்து இது வீரியம், அது வீரியம் இல்லன்னு சொல்றாங்களே, அதை நம்பலாமா?

பாதி நம்பலாம். ஊசி போட்ட எலிகளில் பாதியைக் கொல்லத் தேவையான பாக்டீரியா அளவு எவ்வளவு என்று ஒப்பிட்டால் ஒரு தராதரம் கிடைக்கும். ஆனால் ஆரியஸின் பிவிஎல் நச்சு மனித நியூட்ரோஃபிலில் உள்ள ஓர் ஏற்பியைப் பிடித்துத்தான் உள்ளே நுழைகிறது, எலியின் ஏற்பி அதற்குப் பொருந்தாது. மனிதரிடமும் முயலிடமும் வேலை செய்யும் நச்சு எலியிடம் சும்மா போய்விடுகிறது. இதனாலேயே பிவிஎல் முக்கியமா இல்லையா என்று வருடக்கணக்கில் சண்டை நடந்தது. மெழுகு அந்துப்பூச்சிப் புழுவிலும் சோதிக்கிறார்கள், மலிவு, 37 டிகிரியில் வைக்கலாம், ஆனால் அதற்கு எதிர்ப்பொருளே கிடையாது. எலியிலோ புழுவிலோ வந்த முடிவு நோயாளிகளின் தரவோடு ஒத்துப்போனால் மட்டும் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

ஒரே கிருமி ஆளுக்கு ஆள் வேற மாதிரி நடந்துக்குமா?

நிச்சயமாக. சால்மோனெல்லா டைஃபிமியூரியம் பெரும்பாலானவர்களுக்கு வயிற்றுப்போக்கோடு முடிகிற சமாச்சாரம். ஆனால் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் அதன் எஸ்டி313 கிளை நேராக இரத்தத்தில் இறங்குகிறது, பல நேரம் வயிற்றுப்போக்கே இருக்காது. அதில் சிக்குபவர்கள் யார் என்று பார்த்தால் மலேரியாவோ ஊட்டச்சத்துக் குறைவோ உள்ள சிறு குழந்தைகள், எச்ஐவி உள்ள பெரியவர்கள். அந்தக் கிளையின் மரபணுத் தொகுதியிலும் மாற்றங்கள் உண்டு, குடலில் வாழத் தேவையான சில மரபணுக்கள் பழுதாகி டைஃபாய்டு கிருமியின் போக்கில் போயிருக்கின்றன. இதில் கிருமியின் பங்கு இவ்வளவு, ஆளின் பங்கு இவ்வளவு என்று கத்தரித்துப் பிரிக்க முடியாது.

அப்போ முழு மரபணு வரிசையையும் படிச்சுட்டா வீரியத்தைச் சொல்லிடலாமே?

சில இடங்களில் சொல்லலாம். க்ளெப்சியெல்லாவில் ஏரோபாக்டின் பிளாஸ்மிட், பேசில்லஸில் அந்த இரண்டு பிளாஸ்மிட்கள், மெனிஞ்சோகாக்கஸில் உறை மரபணுக்கள் இவை தெளிவான விடை தரும். ஆரியஸில் கடினம், ஏனென்றால் நச்சு மரபணு இருப்பது ஒன்று, அது எவ்வளவு வேலை செய்கிறது என்பது இன்னொன்று. ஏஜிஆர் அமைப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் மொத்தக் கிடங்கும் பூட்டப்பட்டுவிடும். போதாததற்கு நோயாளியின் வால்வும் கதீட்டரும் வெள்ளையணு எண்ணிக்கையும் அந்த வரிசையில் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

ரிப்போர்ட்ல முதல் பேரு மட்டும் வந்திருக்கு. நான் என்ன கேக்கணும்?

முதலில் இனம் தெரிந்ததா என்று கேளுங்கள், ஸ்டெஃபைலோகாக்கஸ் என்றால் ஆரியஸா, லுக்டுனென்சிஸா என்று பெயர் சொல்லியே கேட்கலாம். மால்டி-டாஃப் இருக்கும் ஆய்வகத்தில் பாக்டீரியா தட்டில் வளர்ந்த பிறகு சில நிமிட வேலைதான். பிறகு எத்தனை குத்தலில் எடுத்த பாட்டில்களில் வளர்ந்தது, எத்தனை மணி நேரத்தில் வளர்ந்தது என்று கேளுங்கள். உடம்பில் செயற்கையாக ஏதாவது இருந்தால், பழைய பேஸ்மேக்கராகவே இருந்தாலும், கேட்காமலே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அந்தத் தகவல் ஆய்வகத்துக்குப் பாதி நேரம் வந்து சேர்வதே இல்லை. முதல் நாள் ஃபோனில் "கொத்துகளாகத் தெரிகிறது" என்று மட்டும் சொன்னால் கோபப்படாதீர்கள், அந்த நேரத்தில் நுண்ணோக்கியில் அதற்கு மேல் எதுவும் தெரியாது. மறுநாள் காலை திரும்பக் கூப்பிடுங்கள்.